டார்சி நிற்கும் பக்கம்

திங்கட்கிழமை காலையில் ஹானிகன் பண்ணைக்குப் பால் எடுக்கப் போகும்போதே எனக்குத் தெரியும், அங்கே யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்று. சனிக்கிழமை ஆட்டத்தில் தோற்றிருந்தோம். தோற்றால் டாராவிக் ஊர் செவ்வாய்க்கிழமை வரைக்கும் துக்க வீடு. ரொட்டிக்கடைக்காரி ரொட்டியைக் கையில் தராமல் மேசைமேல் வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொள்வாள்.

முப்பத்தொரு வருடமாக இந்தப் பக்கத்தில் பால் லாரி ஓட்டுகிறேன். சனிக்கிழமைகளில் ஊர்க் குழுவின் ஆட்டக்காரர்களுக்குக் கணுக்காலில் பட்டை சுற்றுவேன், தொடையில் தைலம் தேய்ப்பேன். அதனால் ஊரிலுள்ள எல்லாப் பால் தொட்டியும் எனக்குத் தெரியும், எல்லா முட்டியும் தெரியும். இரண்டிலும் எது எப்போது கெடும் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். யாரும் கேட்க மாட்டார்கள். முப்பத்தொரு வருடம் ஆகியும் நான் இன்னும் 'புதுசா வந்த வெர்ன்'தான்.

டார்சி ஹானிகன் கறவைக் கொட்டகை முற்றத்தில் சாணியை அடித்துக் கழுவிக்கொண்டிருந்தான். முப்பத்தாறு வயது. எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைய வேண்டும், அவ்வளவு உயரம். வலது முட்டியை மடக்காமல் இழுத்து இழுத்து நடந்தான். நான் கையைத் தூக்கினேன். அவன் தண்ணீர்க் குழாயைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். அதுதான் அன்றைய வணக்கம்.

எங்கள் கால்பந்து கையாலும் பிடிக்கிற கால்பந்து. பந்து முட்டை வடிவம். நடுக்கம்பங்கள் இரண்டுக்கும் இடையில் உதைத்தால் கோல், ஆறு புள்ளி; ஓரத்தில் போனால் ஒரு புள்ளி. உதைத்த பந்தை அந்தரத்தில் பிடித்தவனை யாரும் தடுக்கக் கூடாது, அவன் பின்னால் போய் நிதானமாக உதைக்கலாம். கம்பத்துக்கு முன்னால் நின்று, வருகிற பந்தை அந்தரத்தில் பிடித்து கோல் அடிக்கிற ஆள்தான் முன்வரிசைக்கு நடுத்தூண். டாராவிக்கில் பதினெட்டு வருடமாக அந்தத் தூண் டார்சி. அந்த வருடமும் எண்பத்தொன்பது கோல் போட்டிருந்தான், பதினோரு ஊர்க் குழுக்களிலும் அதுதான் அதிகம்.

ஆனால் பதினெட்டு வருடத்தில் ஊருக்கு ஒரு கோப்பை வரவில்லை. இந்த வருடம் வரும் என்று எல்லோரும் நம்பினோம். சனிக்கிழமை எதிர் ஊர்க்காரர்கள் டார்சிமேல் இரண்டு பேரைப் போட்டு, முன்னால் மூன்றாவதாக ஒருவனையும் நிறுத்திவிட்டார்கள். ஒன்பது கோல், ஓரப் புள்ளி பதினேழு. நாலு புள்ளியில் தோற்றோம். புள்ளிப் பட்டியலில் மேலே இருந்ததால் இன்னொரு வாய்ப்பு மிச்சம் இருந்தது. வருகிற சனிக்கிழமை ஜெயித்தால் இறுதி ஆட்டம். தோற்றால் வீடு.

பால் தொட்டி அறையில் நான் சாம்பிள் எடுத்துக்கொண்டிருந்தபோது ஜெனீன் உள்ளே வந்தாள். டார்சியின் மனைவி. கன்றுகளுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்திருந்தாள், முழங்கை வரைக்கும் கன்றுகளின் எச்சில். ஆகஸ்டில் கன்று ஈன்றது அறுபதுக்கு மேல். அவள் ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"வாரன் நோட்டை வாங்கிட்டுப் போயிருக்கான், வெர்ன்," என்றாள்.

வாரன் அவளுடைய தம்பி. வாய்க்காலில் பண்ணைகளுக்கு முறைவைத்துத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. இரண்டு வருடமாக எங்கள் குழுவுக்கு அவன்தான் பயிற்சியாளர்.

"எந்த நோட்டை?"

"ஆட்டம் நடக்கறப்போ வண்டியில உக்காந்து எழுதுவேனே, அது."

அவள் எழுதுவதை நானும் பார்த்திருக்கிறேன். மற்றப் பெண்கள் பின்னல் போடுவது மாதிரி என்று நினைத்து விட்டிருந்தேன்.

"என்னதான் எழுதியிருக்கே அதுல?"

"பந்து முன்னால போற ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு. யாருக்குப் போச்சு, என்ன ஆச்சு. அவ்வளவுதான்." கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நூறு தடவை போனா அறுபத்துநாலு தடவை டார்சி தலைக்குத்தான் போகுது. அதுல பதினோரு கோல். மிச்சம் முப்பத்தாறு தடவை வேற யாருக்காவது போகுது. அதுல பதினாறு."

நான் மனசுக்குள் இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

"எண்பத்தொம்பது கோல் போட்டவன், ஜெனீன்."

"அத்தனை பந்தையும் என் மாமியாருக்கு அடிச்சிருந்தா அவளும் முப்பது போட்டிருப்பா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"வாரன் அவனை வெளியே நிறுத்தப் போறான்," என்றாள்.

எங்கள் ஊரின் இரண்டாம் குழு ஏற்கெனவே தோற்று வெளியே போயாகிவிட்டது. முதல் குழுவில் இடம் இல்லையென்றால் ஆட்டமே இல்லை. முப்பத்தாறு வயதில், அந்த முட்டியோடு, அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. எனக்கு அந்த இடத்திலேயே கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் குழாயை லாரியில் ஓங்கி மாட்டினேன்.

அந்த நேரம் பார்த்து வாரனின் வண்டி வந்தது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டுக்கு நடுவே பயிற்சியாளர் எழுந்து நின்று சனிக்கிழமை ஆடுகிறவர்கள் பேரைப் படிப்பார். யாரையாவது எடுக்கவில்லையென்றால் அதற்கு முன்னாலேயே நேரில் போய் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் நடுவில் உட்கார்ந்து தன் பேர் வராததைக் கேட்கிற அவமானத்தை எதிரிக்குக்கூட யாரும் கொடுத்ததில்லை. வாரன் அதைச் சொல்லத்தான் வந்திருந்தான். நேரே டார்சியிடம் போனான்.

"மச்சான்."

"ம்."

"அந்த மூணாவது மடைப் பலகை கசியுதே, பார்த்தியா?"

"போன வருஷத்துலேர்ந்து கசியுது."

"மாத்தித் தர்றேன்."

"சரி."

"முட்டி எப்படி இருக்கு?"

"இருக்கு."

வாரன் என்னைப் பார்த்தான். நான் லாரி டயரைப் பார்த்தேன். அவன் வண்டியில் ஏறிப் போய்விட்டான். செவ்வாய்க்கிழமையும் வந்தான். அன்றைக்குப் பேச்சு வேலிக் கம்பியைப் பற்றி. புதன்கிழமை காலையில் வந்து, மேகத்தைப் பார்த்து, மழை வரும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மழை வந்தது. அதே புதன்கிழமை லாரியில் பம்பு கெட்டு, சரிசெய்து எடுத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது மாலைக் கறவை நடந்துகொண்டிருந்தது. தொட்டியிலிருந்து பாலை எடுக்கிறவரைக்கும் கறவையை நிறுத்திவைக்க வேண்டியதாகிவிட்டது. என்னால் ஆன தாமதம் என்பதால், பிறகு நானும் ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கறவைக் குழிக்குள் இறங்கினேன். இருநூற்றுப் பத்து மாடுகள். ஒரு பக்கத்துக்கு இருபது இருபதாக வரிசையாக வந்து நிற்கும். ஆள் குழிக்குள் நிற்பதால் மடி முகத்துக்கு நேரே இருக்கும். ஜெனீன் காம்பைக் கழுவிக்கொண்டே முன்னால் போனாள். டார்சி பின்னால் கறவைக் குழாய்களை மாட்டிக்கொண்டே வந்தான். நான் கறந்து முடிந்ததைக் கழற்றினேன். தகரக் கூரைமேல் மழை, உள்ளே இயந்திரத்தின் இரைச்சல், காலடியில் சாணியும் பாலும் கலந்த சூடான தண்ணீர். நூறு மாடு தாண்டியதும் ஜெனீன் கழுவுவதை நிறுத்தினாள்.

"டார்சி, வாரன் உன்னைச் சனிக்கிழமை எடுக்கப் போறதில்லை."

டார்சி அடுத்த மாட்டுக்கு நாலு குழாயையும் மாட்டினான்.

"இந்தக் காது கிழிஞ்ச மாட்டுக்குப் பின்காம்பு வீங்கியிருக்கு. தனியா விடணும்."

"நான் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. திங்கக்கிழமையே தெரியும். ஒரு வருஷமாக் கசியற மடைப் பலகையை மாத்தித் தர்றேன்னு எவன் தானா வந்து சொல்லுவான்?"

"தெரிஞ்சிருந்துமா மூணு நாளா அவனை இழுத்தடிக்கறே?"

"சொல்ல வேண்டியது அவன் வேலை. வார்த்தையை நான் எதுக்கு வாயில எடுத்துக் குடுக்கணும்?"

"அவனால முடியலை. சின்ன வயசுலேர்ந்து அவனுக்கு நீதான் எல்லாம். அதான் நான் சொல்றேன்."

டார்சி இரண்டு மாடுகளைத் தாண்டினான். பிறகு திரும்பாமலே கேட்டான்.

"இந்த யோசனையை அவனுக்கு யார் குடுத்தது?"

நான் கழற்ற வேண்டிய குழாய்கள் மூன்று இருந்தன. மூன்றையும் விட்டுவிட்டு நின்றேன். அந்தக் குழியில் ஒளிய இடம் கிடையாது.

"நான்தான்," என்றாள் ஜெனீன்.

"நோட்டா?"

"கேட்டான், குடுத்தேன்."

"இந்த வருஷ நோட்டா?"

"நாலு வருஷமும்."

அப்போதுதான் டார்சி அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"நாலு வருஷமா இது தெரியுமா உனக்கு?"

"மூணு. மொத வருஷம் சும்மா பொழுது போகத்தான் எழுதினேன். கூட்டிப் பார்க்கலை."

"ஏன் சொல்லலை?"

"வாரத்துல நீ சிரிக்கிறது ஒரே ஒரு நாள், டார்சி. அதை நான் எதுக்குப் பிடுங்கணும்?"

"இப்ப மட்டும் பிடுங்கிட்டியே."

"வாரன் நேரா வந்து கேட்டான். அக்கா, நாம ஏன் தோக்கறோம்னு உனக்குத் தெரியுமான்னு கேட்டான். தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். மத்த பதினேழு பேரும் பாவம் இல்லையா? ப்ரெண்ட் உடைஞ்ச விரலோட எட்டு வாரம் ஆடியிருக்கான். அவன் முகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படி மறைக்கிறது?"

"என் முகத்தைப் பார்த்துக்கிட்டு மறைச்சியே."

ஜெனீன் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் குழியில் எல்லோர் முகத்திலும் தண்ணீர்தான். டார்சி கயிற்றை இழுத்து முன்கதவைத் திறந்துவிட்டான். இருபது மாடுகளும் வெளியே போயின.

"அடுத்த வரிசையை விடு, வெர்ன்," என்றான் என்னிடம்.

அவளை எனக்குக் குற்றம் சொல்ல வாயில்லை. அந்த முட்டி போய்விட்டது என்று எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் "என்ன வெர்ன், தாங்குமா?" என்று கேட்பான். நான் "கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லிப் பட்டையை இன்னும் ஒரு சுற்று இறுக்குவேன். அவள் எழுதியாவது வைத்தாள். நான் அதுகூடச் செய்யவில்லை.

அதற்குப் பிறகு அவன் அவளோடு மாட்டைப் பற்றித் தவிர வேறு பேச்சே பேசவில்லை. வியாழக்கிழமை காலையில் அவளே என்னிடம் சொன்னாள். "வீங்கின காம்பு எப்படி இருக்குன்னு கேட்டான். வத்திருச்சுன்னேன். அதோட சரி."

வியாழக்கிழமை சாயங்காலப் பயிற்சிக்கு டார்சி வந்தான். வேலியில் கையை ஊன்றி நின்று பார்த்தான். வாரன் புது முன்வரிசையை நிறுத்தியிருந்தான். நடுவில் ஐவன் ஸ்ட்ரோபெல் என்ற வேகக்காரன், இரண்டு பக்கமும் குட்டையாக இரண்டு பேர். மூன்று பேரும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பந்து யார் காலியாக இருக்கிறானோ அவனுக்குப் போக வேண்டும். சொல்வதற்குச் சுலபம். ப்ரெண்ட் நடுக்களத்தில் பந்தை எடுத்தான், நிமிர்ந்தான், அடித்தான். பந்து அழகாகப் பறந்து போய் வலது மூலையில் ஆளில்லாத புல்மேல் விழுந்தது. டார்சி பதினெட்டு வருடமாக ஓடிவந்து பிடிக்கிற இடம். மறுபடி அடித்தான். மறுபடியும் அங்கேதான்.

"டேய், அங்க யார்டா இருக்கா?" என்றான் வாரன்.

"யாரும் இல்லைன்னு எனக்கும் தெரியுது. கால் தானாப் போகுது, நான் என்ன பண்ணட்டும்?"

ப்ரெண்டுக்கு இருபத்தேழு வயது, இரண்டு பிள்ளைகள், ஊரில் தண்ணீர்க்குழாய் வேலையெல்லாம் அவன்தான். பள்ளிக்கூடம் முடித்துக் குழுவுக்கு வந்த முதல் நாளிலிருந்து அவன் காதில் விழுந்தது ஒரே சொல்தான்: டார்சிக்கு அடி. பழைய பயிற்சியாளர் சொன்னார், அப்பா சொன்னார், வேலியோரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த ஊரே சொன்னது. இப்போது இரண்டு மணி நேரத்தில் காலை மாற்று என்றால் எப்படி மாறும்? ஆனாலும் இருட்டுகிற நேரத்துக்குள் பத்தில் ஏழு பந்து சரியான ஆளுக்குப் போக ஆரம்பித்தது. வேலியோரத்திலிருந்து டார்சியே இரண்டு தடவை கை தட்டினான். அந்தச் சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை.

குழுவின் கூடத்துக்குள் எல்லோரும் போனபிறகு, சமையலறை வாசலில் வாரன் அவனைப் பிடித்தான்.

"மச்சான்..."

"தெரியும். உங்க அக்கா சொல்லிட்டா."

"மன்னிச்சிரு."

"மடைப் பலகை எப்ப வருது?"

வாரன் சிரிக்கப் பார்த்து முடியாமல் தரையைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த பையிலிருந்து ஓர் ஆரஞ்சுச் சட்டையை எடுத்தான். ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளரின் சேதியை ஆட்டக்காரர்களிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வருகிற ஆளுக்கான சட்டை. அதைப் போட்டவன் பந்தைத் தொடக் கூடாது.

"சேதி கொண்டுபோக ஆள் வேணும். நீ ஓடு. வெளியில உக்கார வேண்டாம். முன்வரிசைக்கு உன்னைவிட நல்லாச் சொல்ல எவன் இருக்கான்?"

டார்சி சட்டையை வாங்கி விரித்துப் பார்த்தான்.

"பத்துமா எனக்கு?"

உள்ளே உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்த ஜெனீன் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"வேண்டாம், வாரன். அவனை வேலிக்கு வெளியே வை."

"அக்கா, அவனுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?"

"மரியாதையைப் பத்தி நான் பேசலை. உள்ள நின்னா அவனுக்கேதான் அடிப்பாங்க."

"இந்தச் சட்டையைப் பாரு. ரெண்டு மைல் தள்ளி நிக்கிற மாட்டுக்கே தெரியும். நம்ம பசங்களுக்கு என்ன, கண்ணு இல்லையா?"

நானும் சிரித்தேன். டார்சி அவளைப் பார்க்காமல் சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனான்.

சாப்பாட்டில் சாசேஜ், மசித்த கிழங்கு, பட்டாணி, மேலே ஊற்றிக்கொள்ளக் கறிச்சாறு. வாரன் எழுந்து பின்வரிசையிலிருந்து படித்துக்கொண்டு வந்தான். முன்வரிசை நடு என்று சொல்லி ஐவன் பேரைப் படித்ததும் கூடத்தில் ஒரு முள்கரண்டிச் சத்தம் இல்லை. நூறு பேரும் டார்சியைப் பார்க்காமல் பார்த்தார்கள். அவன் பட்டாணியைக் கரண்டியில் ஒதுக்கிச் சாப்பிட்டு முடித்தான். எழுந்துபோய் இன்னொரு சாசேஜ் வாங்கிக்கொண்டு வந்தான். பரிமாறியது ஜெனீன்தான். இரண்டு போட்டாள். அவன் ஒன்றைத் திரும்ப எடுத்துப் பரிமாறும் தட்டிலேயே வைத்துவிட்டு வந்தான்.

சனிக்கிழமை ஆட்டம் அறுபது கிலோமீட்டர் தள்ளி வேறு ஊர் மைதானத்தில். காலைக் கறவையை முடித்துவிட்டு அவர்களுடைய பழைய பிக்கப்பிலேயே நானும் போனேன். போகும்போது மூன்று பேரும் பேசியது ஒரே ஒரு தடவை, எதிரே வந்த வைக்கோல் லாரியைப் பற்றி. ஜெனீன் வண்டியை வேலியோடு ஒட்டி மைதானத்தைப் பார்த்து நிறுத்தினாள். எங்கள் ஊர் வண்டிகள் ஒரு பக்கம் முழுக்க, எங்களோடு மோதும் வால்பரா ஊர் வண்டிகள் மறுபக்கம். அவள் நோட்டைத் திறந்து பென்சிலை நாக்கில் தொட்டாள்.

மூன்று மணிவரைக்கும் வடக்குக் காற்று, வாயெல்லாம் மண். அதற்குப் பிறகு காற்று திரும்பிக் குளிர்ந்த தூறல். ஆனால் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும், அப்படி ஓர் ஆட்டத்தை எங்கள் ஊர் ஆடி நான் பார்த்ததில்லை. வால்பராக்காரர்கள் டார்சியைக் கட்டிப்போட இரண்டு தடியர்களைத் தயார் செய்து கொண்டுவந்திருந்தார்கள். கட்டிப்போட ஆளே இல்லை. ஐவன் இடது பக்கம் ஓடினான், குட்டையர்கள் குறுக்கே ஓடினார்கள், தடியர்கள் இரண்டு பேரும் சந்தையில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார்கள். நாலு கட்டத்தில் மூன்று முடிவதற்குள் பன்னிரண்டு கோல். டார்சி ஆரஞ்சுச் சட்டையில் உள்ளே ஓடுவதும் வெளியே ஓடுவதுமாக இருந்தான். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் முட்டி கொஞ்சம் கூடுதலாக இழுத்தது.

"நல்லாப் போகுது, இல்லை?" என்றான் என்னிடம் மூச்சு வாங்க.

"ரொம்ப நல்லாப் போகுது."

"நான் இல்லாம."

நான் அவனுக்குத் தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்தேன்.

கடைசிக் கட்டத்தில் கால்கள் கனத்துப்போயின. சேற்றில் எல்லோரும் மெதுவானார்கள். வால்பரா ஒன்று ஒன்றாகத் திரும்பப் போட்டு, இரண்டு நிமிடம் இருக்கும்போது மூன்று புள்ளி முன்னால் போய்விட்டது. வாரன் கத்தினான்: "ஐவனைப் பின்னால கம்பத்துகிட்டயே நிக்கச் சொல்லு." டார்சி ஓடிப்போய்ச் சொன்னான். சொல்லிவிட்டு வேலிக்குத் திரும்புகிற வழி வலது மூலை வழியாக.

அதே நேரத்தில் நடுக்களத்தில் சேற்றிலிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு ப்ரெண்ட் எழுந்தான். முகம் முழுக்க மண். மூச்சு இல்லை. நிமிர்ந்து பார்த்தான். உயரமாக ஒருவன் வலது மூலையை நோக்கி ஓடுவது தெரிந்தது. அடித்துவிட்டான்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். டார்சி சத்தம் கேட்டுத் திரும்பினான். பந்து மேலேயிருந்து இறங்கி வந்தது. தடியர்கள் இரண்டு பேரும், அவர்களுக்கும் பழக்கம்தான், அவனைப் பார்த்து ஓடிவந்தார்கள். அவன் விலகியிருக்கலாம். விலகியிருந்தால் பந்து அவன் தலைக்கு மேலே போயிருக்கும், பின்னால் இருபது அடியில் ஐவன் தன்னந்தனியாக நின்றிருந்தான். டார்சி அந்தக் கெட்ட காலை ஊன்றி எழும்பினான். இரண்டு பேருக்கும் நடுவே, இரண்டு பேருக்கும் மேலே, கைகளை நீட்டிப் பந்தைப் பிடித்தான்.

எங்கள் பக்கம் முழுக்க ஹாரன் அடித்தது. நூறு வண்டிகளும் அடித்தன. நான் தண்ணீர்ப் புட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுக் குதித்தேன், அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

டார்சி கீழே இறங்கினான். பின்னால் எட்டு அடி நடந்தான். குனிந்து கொஞ்சம் புல்லைப் பிடுங்கிக் காற்றில் தூவிப் பார்த்தான். கம்பத்தைப் பார்த்தான். அதற்குள் ஹாரன்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. நடுவர் அவன் பக்கத்தில் போய் நின்றார். விசில்கூட ஊதவில்லை.

"டார்சி, பந்தைக் குடுப்பா."

டார்சி குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். பந்தை நடுவர் கையில் கொடுத்தான். அவர் அதை வால்பராக்காரனிடம் கொடுத்தார். அவர்கள் அதை அப்படியும் இப்படியும் தட்டி நேரத்தைக் கடத்தினார்கள், சைரன் ஊதிவிட்டது. மூன்று புள்ளி.

உடுப்பு மாற்றும் அறையில் ப்ரெண்ட் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான், தோள் குலுங்கியது. யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல யாருக்கு யோக்கியதை இருந்தது? ஹாரன் அடிக்காதவன் எவனும் அந்த அறையைச் சுற்றி இல்லை. வாரன் மட்டும் சுவரைப் பார்த்து "தப்பு என்னுது, தப்பு என்னுது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். டார்சி நொண்டிக்கொண்டே போய் ப்ரெண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நல்லாத்தான்டா அடிச்சே," என்றான். "நேரா கைக்கே வந்துச்சு."

மாடுகள் காத்திருக்கும். ஆறு மணிக்காவது கறக்க ஆரம்பித்தாக வேண்டும். ஜெனீன் ஓட்டினாள். முட்டி மடங்காததால் டார்சி நடுவில், காலைக் கியருக்கு அந்தப் பக்கம் நீட்டி, கூரையில் தலை இடிக்க உட்கார்ந்திருந்தான். நான் கதவோரம். தூறல் நின்று மேற்கே வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. நாற்பது கிலோமீட்டர் வரைக்கும் துடைப்பான் தேய்கிற சத்தம்தான். கண்ணாடி காய்ந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. ஜெனீன்தான் கடைசியில் அதை நிறுத்தினாள்.

"நீ சொன்னே," என்றான் டார்சி. "வேலிக்கு வெளியே வைன்னு."

புதன்கிழமைக்குப் பிறகு மாட்டைப் பற்றி அல்லாமல் அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் வெளியே பார்த்தேன்.

"சொன்னேன்."

"ஐவன் பின்னால நிக்கிறான்னு எனக்குத் தெரியும். நான்தான் நிக்கச் சொல்லிட்டு வந்தேன்."

"தெரியும்."

"கை சொன்னபடி கேக்கலை, ஜெனீன்."

அவள் பண்ணைக்குத் திரும்புகிற மண்பாதையில் வண்டியைத் திருப்பினாள். இரண்டு பக்கமும் வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"நான் பிடிச்சப்போ ஹாரன் அடிச்சாங்களே," என்றான் டார்சி.

"ஊரே அடிச்சுது."

"அதுல நம்ம வண்டியும் அடிச்சுது. இந்தச் சளி பிடிச்ச ஹாரன் வேற எவன்கிட்டயும் கிடையாது."

ஜெனீன் பாதையையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

"கை பட்டிருச்சு," என்றாள்.

"மூணு தடவையா?"

அவள் வண்டியை நிறுத்தினாள். மாடுகள் மடி கனத்து வாசலருகே வந்து நின்று கத்திக்கொண்டிருந்தன. நான் இறங்கிப் போய் கேட்டைத் திறந்தேன்.